ஊருக்கு முன்னால் சொன்னது

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம் மெட்ராசிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். ஒரு பேராசிரியர், அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஒரு மலையாளப் பெண், ரத்தம் எடுப்பதற்கு ஓர் ஆள், அவ்வளவுதான். யானைக்கால் நோயைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நடக்கிறது, காரைக்காலில் தெருத்தெருவாகப் பார்க்கப்போகிறார்கள் என்று நகரசபையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அப்பா நகரசபையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் நகரசபை என்று சொல்லப் பழகிய பிறகும் அவருக்கு அது கடைசிவரை பிரெஞ்சுப் பெயரில் 'மேரி'தான்.

"மேரிலேர்ந்து ஆள் வந்துட்டுப் போறான். நம்ம வீட்டுக்கும் வருவாங்களாம்" என்று அப்பா சொன்னபோது அக்கா அடுப்படியில் இருந்தாள். புடவையை இழுத்து இன்னும் கொஞ்சம் கீழே விட்டுக்கொண்டாள்.

அக்காவுக்கு வலது கால் யானைக்கால்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அது தொடங்கிவிட்டது. தொடையிடுக்கில் நெறி கட்டும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், இரண்டு கம்பளியைப் போட்டு மூடினாலும் பற்கள் அடித்துக்கொள்ளும். காய்ச்சல் விட்ட பிறகு கால் வீங்கியிருக்கும். முதலில் வீக்கம் வடிந்தது. அப்புறம் பாதி வடிந்தது. அப்புறம் வடியவேயில்லை. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், குளிர்ச்சியான பண்டம் சாப்பிட்டதால் என்றார்கள். மாதா கோயிலில் அவள் பாடல் குழுவில் இருந்தாள். பாடுகிறவர்கள் நிற்கும் மேல்தளத்துக்கு மரப்படி ஏறிப் போக வேண்டும். ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் பூசைக்கு அந்தப் படியில் பாதியில் நின்றுவிட்டாள். அதன் பிறகு கீழே, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து மெதுவாகப் பாடுவாள். பக்கத்தில் இருக்கும் எனக்கு மட்டும் கேட்கும்.

அம்மா இல்லாத வீடு அது. அக்காதான் வீட்டை நடத்தினாள். என்னைத் திருச்சியில் சித்தி வீட்டில் விட்டு இன்டர்மீடியட் வரைக்கும் படிக்க வைக்கச் சொல்லி அப்பாவிடம் மல்லுக்கட்டியதும் அவள்தான். "நான்தான் இங்க இருக்கேன்ல. அவ போகட்டும்" என்றாள். அப்படித்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. எங்கள் ஊரில் பெரியவர்கள் பிரெஞ்சு பேசுவார்கள். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் அப்போது குறைவு. படித்துவிட்டு வந்து கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாகச் சேர்ந்திருந்தேன்.

ஆராய்ச்சிக்காரர்கள் விளக்கு வைத்த பிறகுதான் வருவார்கள். இந்த நோயைக் கொண்டுவரும் புழு இரவில்தான் ரத்தத்தில் நடமாடுமாம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டு போவார்கள். தெருவில் சிலர் கதவைச் சாத்தினார்கள். எங்கள் வீட்டில் அக்காவே விரலை நீட்டினாள். அந்த மலையாளப் பெண்ணை அவளுக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. காலைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்காமல், தரையில் உட்கார்ந்து, தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு விரலிடுக்கெல்லாம் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

"சேச்சி, வலிக்குதோ?" என்று கேட்டாள்.

"வலி இல்லீங்க. கனம்தான்" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அந்தப் பெண் பகலிலும் வரத் தொடங்கினாள். வெள்ளை மாத்திரை கொடுத்தாள். காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துணிப்பட்டி சுற்றிப் படுக்கும்போது தலையணை மேல் தூக்கி வைக்கச் சொன்னாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தையற்கார டேப்பால் கணுக்காலையும் ஆடுசதையையும் அளந்தாள். முதல் இரண்டு மாதத்தில் உண்மையாகவே கொஞ்சம் குறைந்திருந்தது. "நல்லாயிருக்கு சேச்சி, நல்லாயிருக்கு" என்று அவள் சொல்லும்போது அக்காவின் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். பொம்மையைக் கையில் வாங்கிய பிள்ளையின் முகம்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டுச்சேரியிலிருந்து ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர், பிள்ளை கிடையாது. எங்கள் பங்குச் சாமியார் மூலமாகப் பேச்சு வந்தது. காலைப் பற்றி அப்பா மறைக்கவில்லை. மெட்ராஸ் டாக்டர்கள் வைத்தியம் பார்க்கிறார்கள், இறங்கிக்கொண்டு வருகிறது என்றார். அந்தக் கடைக்காரர் ஒருநாள் தானே சைக்கிளில் வந்தார். கறுத்த, ஒல்லியான மனிதர். நகத்தில் கிரீஸ் கறை. அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் நடந்து வந்ததை அவர் பார்த்தார், பார்த்ததை மறைக்கவில்லை.

"அவசரமில்லீங்க" என்று அவளிடமே சொன்னார். "இறங்குதுன்னு சொல்றாங்கள்ல. எங்கம்மாவுக்குத்தான் கொஞ்சம் யோசனை. இன்னும் ஆறு மாசம் போனா அவங்களும் ஒத்துக்குவாங்க."

அவர் போன பிறகு அக்கா நெடுநேரம் காப்பித் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாளில் அவள் காலைப் படம் எடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் அவளே சொன்னாள். "கொல்லையில நிக்க வச்சு எடுத்தாங்கடி. முட்டிக்குக் கீழதான். மூஞ்சி வராதாம். காலேஜுக்கு வேணுமாம்." பெருமையாகவே சொன்னாள். படிக்கிற பிள்ளைகளுக்குத் தன் கால் பாடமாக இருக்கப்போகிறது என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பேராசிரியர் வங்காளி. நரைத்த தலை, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. வேலை முடியும் தறுவாயில் அவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து தலைமை மதரிடம் ஓர் அனுமதி கேட்டார். தாங்கள் கண்டறிந்ததை இந்த ஊர் மக்களுக்கே நேரில் சொல்ல வேண்டும், அதற்குப் பள்ளிக்கூடத்தின் பெரிய கூடம் வேண்டும் என்றார். இங்கிலீஷ் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்று மதர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"ரத்தம் கொடுத்தது இவர்கள். நாங்கள் அதை எடுத்துக்கொண்டு போய் எங்களுக்குள் எழுதிப் படித்துக்கொண்டால் போதுமா? இந்த ஊர்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று பேராசிரியர் என்னிடம் சொன்னார். அவர் நல்ல மனிதர். நடந்ததையெல்லாம் பார்த்த பிறகும் அதைத்தான் சொல்வேன்.

இரண்டு சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து அவர் பேசப்போவதைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். கொசு எப்படிப் புழுவைச் சுமக்கிறது, சாக்கடையும் தென்னைமட்டை ஊறும் குட்டையும் எப்படிக் கொசுவை வளர்க்கின்றன, பிள்ளைகளுக்கு மாத்திரை ஏன் கொடுக்க வேண்டும், இதெல்லாம்தான். திரையில் காட்டப்போகும் படங்களைப் பற்றிக் கேட்டேன். "படம் வரும்போது பார்த்துச் சொன்னால் போதும், அதெல்லாம் சுலபம்" என்றார். படங்கள் அன்றுவரை மெட்ராசிலிருந்து வந்து சேரவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம்தான் ஒத்திகை பார்த்தேன். இங்கிலீஷ் சொற்களுக்குத் தமிழ் தேடியதும் அவளோடு சேர்ந்துதான். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குட்டிப் புழுக்களை என்னவென்று சொல்வது என்று திணறினேன். "நூல்புழுன்னு சொல்லேன். நூல் மாதிரித்தானே இருக்குங்கிறே" என்றாள். அரிசி களைந்துகொண்டே கேள்வி கேட்டாள். "ஒரே வீட்ல இருக்கோம். உன்னையும்தானே கொசு கடிச்சுச்சு? எனக்கு மட்டும் ஏன்?" அதற்குப் பேராசிரியரிடமும் சரியான பதில் இருக்கவில்லை. கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். கோயில் பூசைக்குத் தவிர வேறெங்கும் போகாதவள். "நீ மைக்குல பேசுறதை நான் கேக்க வேணாமா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு கூட்டம். முதல் நாளே தண்டோரா போட்டிருந்தார்கள். இவ்வளவு பேர் வருவார்கள் என்று மதர் எதிர்பார்க்கவில்லை. துணிக்கடை முதலாளிமார் தொப்பியோடு வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கருக்களாச்சேரியிலிருந்து மீன்பிடிக்கிறவர்கள் கூட்டமாக வந்து பின்னால் நின்றார்கள். பெண்களுக்கு முன்னால் இடது பக்கம் பாய் விரித்திருந்தது. அக்காவைக் குதிரைவண்டியில் முன்னதாகவே அழைத்து வந்து, கூட்டம் சேருமுன் பாயில் உட்கார வைத்துவிட்டேன். உட்கார்ந்துவிட்டால் அவளும் மற்றவர்களைப் போலத்தான். நீலப் புடவை கட்டியிருந்தாள். தலையில் கொஞ்சம் பூ.

ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். வெள்ளை வேட்டி ஒன்றை விறைப்பாகக் கட்டித் திரையாக்கியிருந்தார்கள். பேராசிரியர் ஒரு வாக்கியம் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். முதலில் சொற்கள் தடுமாறின. போகப்போகச் சரியாகிவிட்டது. நூல்புழு என்று சொன்னபோது பாயில் அக்கா பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது தெரிந்தது. அது தன் சொல் என்று சொல்லியிருப்பாள்.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "கொசுதான் காரணம்னா, கடல்ல போறவனுக்கு ஏங்க வருது? கடல்ல ஏது கொசு?"

பேராசிரியர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "கரைக்கு வந்துதானே தூங்குறீங்க?"

கூடம் முழுக்கச் சிரித்தது. ஒரு முதலாளி எழுந்து, மாத்திரையால் பிள்ளைகளுக்கு வேறு கெடுதல் வராதே, அதை மட்டும் நிச்சயமாகச் சொல்லுங்கள் என்றார். அதற்கும் பதில் சொன்னோம். இவ்வளவு நன்றாக நடக்கிறதே என்று எனக்குள் ஒரு பூரிப்பு.

பிறகு கால்களின் படங்கள் வந்தன. லேசாக வீங்கிய கால், அதைவிடப் பெரிதாக இன்னொன்று. மூன்றாவதாக வந்தது அக்காவின் கால்.

திரை முழுவதும் அதுதான் இருந்தது. எங்கள் கொல்லைச் சுவர், துவைக்கிற கல், புடவையை முட்டிவரை தூக்கிப் பிடித்திருந்த அவள் கை. சின்ன வயதில் கஞ்சி கொட்டிய தழும்பு கணுக்காலுக்கு மேல் பளபளவென்று தெரிந்தது. எங்கள் தெருவில் அந்தத் தழும்பைத் தெரியாதவர்கள் கிடையாது. பாயில் யாரோ ஒருத்தி, "சேசுவே, இது நம்ம..." என்று தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டாள். முணுமுணுப்பு பின்வரிசைவரை ஓடியது. ஒரு குழந்தை பயந்து அழுதது.

பேராசிரியருக்கு இதெல்லாம் தெரியாது. கையிலிருந்த குச்சியால் திரையில் சுட்டிக்காட்டி, நிதானமாக, தெளிவாகச் சொன்னார். இந்த நிலைக்கு வந்த காலை எந்த மருந்தும் பழையபடி ஆக்க முடியாது. காய்ச்சலைத் தடுக்கலாம், இதற்கு மேல் பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க இந்த நோயாளிக்கு இதுதான் கால்.

என் முறை. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, அவர் அதே வாக்கியங்களை இன்னும் மெதுவாகச் சொன்னார். கூட்டத்தில் இரண்டொருவருக்கு இங்கிலீஷ் தெரியும். கூடமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த நிலைக்கு வந்த கால் இனிமே குணமாகாதுன்னு சொல்றாங்க" என்றேன். மைக் என் குரலைக் கடைசிச் சுவர்வரை கொண்டுபோயிற்று. "மாத்திரை சாப்பிட்டாலும் இறங்காது. காய்ச்சல் வராமத்தான் பாத்துக்க முடியும்."

அக்கா திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

அவள் எழுந்து வெளியே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. போக முடியாது. எழுந்தால் நடக்க வேண்டும், அவள் நடப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அவளைச் சுற்றிப் பாயில் இடம் விட்டார்கள். மரியாதையிலா, அருவருப்பிலா என்று எனக்குத் தெரியவில்லை. பேராசிரியர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் அவர் சொன்னதையெல்லாம் கடைசிவரை தமிழில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. முடிந்ததும் கை தட்டினார்கள்.

கூடம் காலியாகும்வரை அவள் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். மலையாளப் பெண் படம் காட்டும் கருவிக்குப் பக்கத்தில் முகம் வெளிறி நின்றாள். அவளால் அக்காவிடம் வர முடியவில்லை.

குதிரைவண்டியில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுக்கா. மாதா மேல சத்தியமா தெரியாது."

"ரெண்டு நாளா அவரோட ஒக்காந்து எழுதிக்கிட்டு இருந்தியேடி."

"படத்தைக் காட்டலக்கா. இதை அவர் சொல்லவே இல்ல."

"சரி" என்றாள். வண்டி அரசலாற்றுப் பக்கம் திரும்பியபோது தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மலையாளப் பெண் வீட்டுக்கு வந்தாள். அக்கா அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

"ஞான் சொல்லியிருக்கணும் சேச்சி."

"எப்ப சொல்றதா இருந்தீங்க?"

அந்தப் பெண் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இறங்காதுன்னு தெரிஞ்சா நான் மாத்திரைய நிறுத்திருவேன்னு நெனச்சீங்களா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"நான் சாப்பிட்டிருப்பேங்க" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. "காய்ச்சல் வராம இருந்தாலே போதும்னு சாப்பிட்டிருப்பேன். அந்த நடுக்கம் உங்களுக்குத் தெரியாது."

"போட்டோல முகம் இல்லை, அதனால யாருக்கும் தெரியாதுன்னு சார் நினைச்சார்."

"எங்க ஊர்ல காலே போதுங்க."

பேராசிரியர் அதற்குள் ரயிலேறிப் போய்விட்டிருந்தார். அவரிடம் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அவரே எங்கள் வாசலில் வந்து நின்றார். அப்பா அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். அவர் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அக்கா வெளியே வரவில்லை.

கோட்டுச்சேரிக்காரர் அதற்கு முன்பே வந்துவிட்டுப் போயிருந்தார். சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வராமல் நின்றார். அப்பாவிடம் பேசியது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, அக்காவைக் கூப்பிடச் சொன்னார். அவள் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அன்னைக்கு எங்கம்மாவும் அங்க ஒக்காந்திருந்தாங்க" என்றார். சைக்கிள் மணியை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"போய்ட்டு வாங்க" என்றாள் அக்கா.

அந்தக் கூட்டத்தால் ஊருக்கு நல்லதுதான் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எங்கள் தெருவில் மாத்திரை வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். தெருக்கோடியில் இருந்த குட்டையைத் தூர்த்தார்கள். திரையில் பார்த்த கால் அவர்களைப் பயமுறுத்தியிருந்தது. அக்காவும் மாத்திரையை நிறுத்தவில்லை. மலையாளப் பெண் ஊரில் இருந்தவரை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். டேப் கொண்டு அளப்பது மட்டும் நின்றுவிட்டது.

வீட்டுக்குள்தான் ஒன்று மாறிப்போனது. அக்கா என்னிடம் சண்டை போடவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி ஏதாவது புதுச் சேதி சொல்ல வந்தால், "இவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். யாருக்கோ பெண் பிறந்தாலும் அதுதான், மழைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை என்றாலும் அதுதான். அப்பாவும் சிரிப்பார், அவருக்கு அது வேடிக்கை. ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு முறையும், "எனக்குத் தெரியாதுக்கா" என்று சொன்னேன். போகப்போகச் சொல்வதை விட்டுவிட்டேன். காலைக் கழுவிப் பட்டி சுற்ற நான் உட்கார்ந்தால், "வேணாம், நானே பாத்துக்கறேன்" என்று செம்பை வாங்கிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத முதல் பூசைக்குத் தனியாகப் போய்வந்தாள். தூணுக்குப் பின்னால் பாடினாளா என்று தெரியாது. நான் பக்கத்தில் இல்லை.

மூன்று வருஷம் போயிருக்கும். மழைக்காலத்தில் விரலிடுக்கில் வந்த ஒரு புண் அழுகி, காலெல்லாம் சிவந்து, காய்ச்சல் இறங்கவேயில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, இனி நம் கையில் இல்லை என்று டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார். நோயாளியிடம் சொல்ல வேண்டாம், மனம் விட்டுவிடுவாள் என்றார்.

நான் உள்ளே போனேன். அக்கா விழித்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"என்ன சொன்னாரு?"

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

"அப்பாகிட்ட இன்னைக்குச் சொல்லாத" என்றாள். "சாப்பிட்டிருக்க மாட்டாரு. நாளைக்குச் சாமியார வரச் சொல்லு, அப்பச் சொல்லிக்கலாம்."

பிறகு, காலைக் கழுவிவிடச் சொன்னாள். தாதியிடம் வெந்நீர் கேட்டு வாங்கி வந்தேன். போர்வையை விலக்கினேன். அவள் தடுக்கவில்லை.